ஏழாம் துண்டு

சின்னதம்பியின் பெயர் ஒரு புத்தகத்தில் அச்சாகப் போகிறது என்பது கிள்ளைக்குக் கிழக்கே இருக்கும் அந்த மீனவக் குப்பம் முழுக்கத் தெரியும். தெரியாதவர்கள் யாராவது இருந்தால் அது பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தையாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் செய்தியைப் பரப்பியவர் சின்னதம்பியேதான். மீன் ஏலம் விடும் இடத்தில் சொன்னார். டீக்கடையில் சொன்னார். சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் பார்த்திராத மனிதரிடம் கூடச் சொன்னார்.

“பேப்பர்ல இல்ல, புத்தகத்துல. கெட்டி அட்ட போட்டது. டாக்டர் பட்டத்துக்கு எழுதுறாங்க இல்ல, அது.”

“இன்னா பண்ணதுக்கு மாமா உம் பேரப் போடுறாங்க?” என்று மனைவியின் தம்பி சிவசங்கர் ஒவ்வொரு தடவையும் தெரியாதவன் போலக் கேட்பான்.

“சேறு எடுத்துக் குடுத்ததுக்கு.”

“சேறு எடுத்ததுக்குப் பேரு போடணும்னா மொதல்ல நண்டுக்குத்தான் மாமா போடணும்.”

சின்னதம்பி கோபித்துக்கொள்ள மாட்டார். ஐம்பத்திரண்டு வயதில், ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஒருவருடைய பெயர் இதுவரை ரேஷன் கார்டிலும் ஓட்டர் லிஸ்டிலும் மட்டும்தான் அச்சாகியிருந்தது. அதிலும் ஒன்றில் தப்பாக அச்சாகியிருந்தது.

சுனாமி வருவதற்கு முன்பு அவர் கடல் தொழில்தான் செய்தார். அந்தக் காலையில் படகும் போயிற்று, அண்ணனும் போனார். அதற்குப் பிறகு கடலுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. கடலூர் சிப்காட்டில் மூட்டை ஏற்றும் வேலைக்கு மூன்று மாதம் போய்ப் பார்த்தார். கூலி நல்ல கூலிதான். ஆனால் நாலு சுவருக்குள் நின்றுகொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாமல் ஒரு நாளைக் கழிப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. திரும்பி வந்து, வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் பிச்சாவரத்துக்கும் நடுவே இருக்கும் உப்பங்கழியில் நண்டும் இறாலும் பிடிக்க ஆரம்பித்தார். கடலைப் பார்க்காமல் கடலோடு இருந்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. அப்படியே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மோகனப்பிரியா வந்து சேர்ந்தாள். பண்ருட்டிப் பெண். அப்பா ராஜாமணிக்குப் பலாப்பழ மண்டி. சிதம்பரத்தில் ஓர் ஆய்வு மையத்தில், பேராசிரியர் ராஜமாணிக்கத்திடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். கழிமுகத்தில் ஐந்தரை மீட்டர் ஆழத்துக்குச் சேறு எடுக்க வேண்டும், படகு வேண்டும், படகோட்டிக்குக் கை பலம் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்தவளைக் குப்பத்தில் எல்லோரும் சின்னதம்பியிடம் கைகாட்டி விட்டார்கள்.

“சேத்துல இன்னா மேடம் இருக்குது?”

“பூத்தூள் இருக்குதுண்ணா. ஒவ்வொரு மரமும் பூக்குறப்ப தூளக் கொட்டுது இல்ல, அது காத்துலயும் ஆத்துலயும் வந்து இங்க படியுது. வருஷா வருஷம் அது மேல சேறு மூடுது. அந்தத் தூளோட தோல் அவ்ளோ கெட்டி. கண்ணாடியக் கரைக்கிற ஆசிட்ல போட்டாலும் கரையாது. ஆயிரம் வருஷம் ஆனாலும் உள்ள அப்பிடியே இருக்கும்.”

“இருந்து?”

“ஒவ்வொரு மரத்துத் தூளும் ஒவ்வொரு மாதிரி. மைக்ராஸ்கோப்புல பாத்து எண்ணுவேன். எந்த ஆழத்துல எந்த மரம் ஜாஸ்தின்னு தெரிஞ்சா, எந்தக் காலத்துல இங்க எந்தக் காடு இருந்துச்சு, மழை நல்லா பேஞ்சுதா, வறண்டு போச்சான்னு சொல்லிடலாம்.”

பூத்தூளை எண்ணுவதற்கு ஒரு படிப்பா என்று சின்னதம்பிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் தில்லை மரம் என்று சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டார். சிதம்பரத்துக்கே தில்லை என்றுதான் பழைய பெயர். இன்று ஊருக்குள் தேடினால் பேருக்குக்கூட ஒரு தில்லை மரம் கிடையாது. அவள் அதன் தூளை ஆயிரக்கணக்கில் எண்ணியிருந்தாள், மரத்தைக் கிட்டப் போய்த் தொட்டதில்லை. அவருக்கோ மரம் அத்துப்படி. கழியின் ஓரங்களில் இன்னும் கொஞ்சம் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று அந்தப் பக்கம் வலை காயப்போடக்கூட மாட்டார்கள்.

“தொடாத மேடம். பாத்துக்க, அவ்ளோதான்,” என்று படகை நிறுத்திக் காட்டினார். அன்றிலிருந்து மேடம் பாப்பாவானாள்.

சேறு எடுக்கும் வேலை பார்க்கச் சுலபம். அரை மீட்டர் நீளத்தில் ஓர் எஃகு அரைக்குழாய், அதற்கு மேல் ஒன்றோடு ஒன்று திருகிப் பூட்டும் கம்பிகள், உச்சியில் கைப்பிடி. குழாயைச் சேற்றில் இறக்கி, கைப்பிடியை ஒரு சுற்றுத் திருப்பினால் அரை மீட்டர் மண் கலையாமல் உள்ளே மாட்டிக்கொள்ளும். மேலே இழுத்து, அதை அப்படியே பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பாதியாக அறுத்த பி.வி.சி. குழாயில் கிடத்த வேண்டும். அடுத்த தடவை அதே ஓட்டையில் அரை மீட்டர் இன்னும் கீழே. இப்படிப் பதினொரு துண்டு. சொல்லும்போது நாலு வரி, செய்யும்போது தோள்பட்டை கழன்றுவிடும்.

மோகனப்பிரியா படகின் பின்பக்கம், எஞ்சின் பெட்டி மேல், நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வாள். துண்டின் மேல்முனை தன் பக்கம் இருக்க வேண்டும், அடிமுனை படகின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஏற்பாடு. துண்டு வந்து படுத்ததும் எண்ணைப் போட்டு, எது மேல் என்று அம்புக்குறி வரைந்துவிடுவாள்.

இந்த ஏற்பாடு சின்னதம்பிக்குப் பிடிக்கவில்லை. படகின் முன்முனையை அவர்கள் அணியம் என்பார்கள். மஞ்சள் பூசுவதும் குங்குமம் வைப்பதும் அங்கேதான். சேற்றில் இறங்கிய மூங்கில் கழியானாலும் சரி, நங்கூரமானாலும் சரி, சேறு பட்ட முனை அணியத்தைப் பார்க்கக் கூடாது. பின்பக்கம்தான் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் யாராவது சாக்கடைத் துடைப்பத்தைச் சார்த்தி வைப்பார்களா? அதுவும் அந்தப் படகு தண்ணீரில் இறங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அணியத்தில் கட்டிய எலுமிச்சம்பழம்கூடக் காய்ந்து முடியவில்லை. ஆனாலும் வந்த பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லி முகத்தைச் சுளிக்க வைப்பானேன் என்று ஆறு துண்டு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

ஏழாம் துண்டின்போது குழாய் எதிலோ மோதி நின்றது. நறநறவென்று ஒரு சத்தம். சின்னதம்பி உடம்பு எடையெல்லாம் கொடுத்துத் திருப்பினார். அது உடைந்து வழிவிட்டது. மேலே இழுக்கும்போது கிழக்கே இருட்டிக்கொண்டு, எடுத்த எடுப்பில் மழை கொட்ட ஆரம்பித்தது. “நோட்டு நனையுது அண்ணா,” என்று அவள் தார்ப்பாய்க்குள் புகுந்துகொண்டாள். அவர் தனியாகத்தான் அந்தத் துண்டைச் சுற்றினார். அடிமுனையில் ஒரு மட்டிச் சிப்பியின் உடைந்த பாதி துருத்திக்கொண்டிருந்தது. அது கட்டைவிரலைக் கிழித்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டே துண்டைக் குழாயில் கிடத்தினார். கை, தனக்குப் பழகிய மாதிரி, சேற்று முனையை, சிப்பி துருத்திய அடிமுனையை, பின்பக்கம் பார்க்க வைத்தது. அவர் அதை நினைத்துச் செய்யவில்லை. மழை விட்டதும் அவள் வெளியே வந்தாள், எண்ணைப் போட்டாள், வழக்கம்போல அம்பு வரைந்தாள். அவர் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒன்றரை வருஷம் கழித்து அவள் போன் பண்ணினாள். எல்லாம் முடிந்துவிட்டது, இன்னும் பன்னிரண்டு நாளில் ஆய்வேட்டைக் கொடுக்கப் போகிறேன், நீங்கள் எடுத்த சேற்றை வந்து பாருங்கள் என்றாள். சின்னதம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

முதலில் நன்றிப் பக்கத்தைக் காட்டினாள். ஆங்கிலத்தில் இருந்தது. அவர் பெயர் எது என்று விரல் வைத்துக் காட்டினாள். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். தாள் வழவழவென்று இருந்தது. 

பிறகு கம்ப்யூட்டரில் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினாள். “இது தில்லையும் மத்த சதுப்புநில மரமும். கீழ இருந்து பாருங்கண்ணா. கீழ நெறய இருக்குது, கொஞ்சங் கொஞ்சமா கொறயுது. இங்க பாருங்க, திடீர்னு உழுந்துடுது. அப்புறம் கொஞ்சம் தேறி வருது. மறுபடியும் சடார்னு உழுது. ரெண்டு பெரிய பஞ்சம். மழையே இல்லாம காடு செத்து, பொழச்சு, திரும்பச் செத்துருக்குது. இத யாருமே இதுவரைக்கும் சொன்னதில்ல. இதான் அண்ணா எந் தீசிஸே. அஞ்சு வருஷம். ஒரு கட்டுரையும் அனுப்பிட்டேன்.”

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். சின்னதம்பிக்கும் பெருமைதான். அப்புறம் குளிர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், தட்டுகளில் வரிசையாகக் கிடந்த பதினொரு துண்டுகளையும் காட்டினாள். நீளவாக்கில் இரண்டாகக் கீறி, ஒரு பாதியை அப்படியே வைத்திருந்தார்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழாவதில் நின்றார்.

மட்டிச் சிப்பி இருந்தது. மேல்முனையில் இருந்தது.

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். தழும்பு வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. விரலைக் கிழித்த சிப்பி அடிமுனைச் சிப்பி. குழாய் அதில் மோதித்தான் நின்றது. அடியில் இருந்தது மேலே எப்படி வரும்? மழை, தார்ப்பாய், தன் கை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது. குளிர் அறையில் அவருக்கு வேர்த்தது.

“டீ சாப்புடலாமா அண்ணா?” என்றாள். சாப்பிட்டார். சர்க்கரை போட்டிருந்தார்களா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. சிப்பியைப் பற்றிச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் மனைவி செல்லாயி மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னார். செல்லாயி கடைசிவரை கேட்டாள்.

“அதுக்கு இப்ப இன்னா? ஆயிரம் வருசத்துக்கு மின்ன பேஞ்ச மழ மாமா அது. மின்ன பேஞ்சா இன்னா, பின்ன பேஞ்சா இன்னா? ஒனக்கும் எனக்கும் தவுர யாருக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு அஞ்சு வருசம் கஷ்டப்பட்டுப் படிச்சுது. நீ போயி அது தலையில மண்ண வாரிப் போடப் போறியா? ஒம் பேரையும் அடிச்சுடுவாங்க. ஊரெல்லாம் தமுக்கு அடிச்சு வெச்சிருக்கிற.”

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு நாள் அதையே தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். பகலெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் புத்தகம் கைக்கு வந்து, தன் பெயர் இருக்கும் பக்கத்தைத் திறந்து யாருக்காவது காட்டுவதாக நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிப்பியும் கூடவே வந்தது. இல்லாத பஞ்சத்தைத் தான் உண்டாக்கிவிட்டோம், காட்டைத் தன் கையால் இரண்டு தடவை கொன்றுவிட்டோம் என்று தோன்றியது. தூண்டில் முள் மாதிரி, விழுங்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள், செல்லாயி கூடையில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“ஏம்மே, நீ நேத்து மீன அடியில வெச்சு, மேல இன்னிக்கு மீன அடுக்கி விப்பியா?”

“செருப்பு பிஞ்சுடும். இருபத்தஞ்சு வருசமா விக்கிறேன், ஒருத்தி எங் கூடையக் கெளறிப் பாத்திருப்பாளா?” என்றவள், கேள்வி எங்கே போகிறது என்று புரிந்ததும் அடுக்குவதை நிறுத்தினாள். 

“போ,” என்றாள். “ஏழே காலு பஸ்ஸு இன்னும் போவல.”

மோகனப்பிரியா முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டாள். அவள் கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை. “ஒன்னர வருஷம் கழிச்சு வந்து சொல்றீங்களே அண்ணா. நாந்தான அம்பு போட்டேன்? ஒரு மட்டிச் சிப்பி இருக்குன்னு சொல்றீங்க. கழிமுகத்துச் சேத்துல எங்க தோண்டுனாலும் மட்டிதான். அது எல்லாத்துலயும் இருக்கும்.”

“இருக்கும் பாப்பா. ஆனா நான் ஒடச்சேன். பாதி ஏழுல வந்துச்சு. மீதிப் பாதி கீழ இருந்திருக்கணும் இல்ல? எட்டுல பாரு. எட்டோட மேல்முனையில.”

அவள் எட்டாம் தட்டை இழுத்தாள். மேல்முனையில், விரல் நக அளவுக்கு, வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. எதையோ உடைத்துவிடுவோமோ என்று பயந்தவள் போல இடுக்கியால் மெதுவாக அதை எடுத்தாள். ஏழாம் தட்டில் இருந்ததையும் எடுத்தாள். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நகர்த்தினாள். உடைந்த விளிம்பு உடைந்த விளிம்போடு கச்சிதமாகப் பொருந்தியது. ஓட்டின் மேல் ஓடிய வரிகள்கூட அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குத் தப்பாமல் ஓடின. ஒரே மட்டி.

அவள் அந்தக் குளிர் அறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அழுகையை நிறுத்தச் சின்னதம்பிக்கு ஒரு வழியும் தெரியவில்லை. சிப்பி அன்றைக்கு விரலைக் கிழித்ததற்குப் பதிலாக விரலையே எடுத்திருந்தால்கூடத் தேவலை என்று நின்றார். எதற்காகத் துண்டு அப்படிப் படுத்தது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அணியத்தைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது, படிக்காதவனின் மூடத்தனம் என்று நினைப்பாளோ என்று கூச்சமாக இருந்தது.

“மொத நாளே சொல்லிருக்கலாமே அண்ணா,” என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நான் எடம் மாறி உக்காந்திருப்பேனே.”



பேராசிரியர் ராஜமாணிக்கம் வந்தார். அதிகம் பேசாத மனிதர். பொருந்திய சிப்பியை வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, “உக்காருங்க சின்னதம்பி,” என்றார். “ஏழு மட்டுந்தானா? மத்த பத்தையும் ஒண்ணொண்ணா சொல்லுங்க. எது வந்தப்ப என்ன நடந்துச்சு?” சின்னதம்பி சொன்னார். முதல் துண்டில் புல் வேர் இருந்ததை, நாலாவதில் அழுகின முட்டை நாற்றம் அடித்ததை, ஒன்பதாவது வழுக்கிக் கை நழுவப் பார்த்ததை. அவள் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிச் சரிபார்த்தாள். ஒன்றும் பிசகவில்லை. பத்துத் துண்டும் சரியாகத்தான் கிடந்தன.

சாயங்காலம் ஏழாம் துண்டின் எண்களைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுக் கோட்டை மறுபடி வரைந்தாள். அந்தத் துண்டின் இரண்டு முனையிலும் இருந்த இரண்டு பஞ்சமும் காணாமல் போயின. கோடு கீழிருந்து மேலே ஒரே சீராகச் சரிந்துகொண்டே வந்தது. எங்கேயும் விழவில்லை.

“எவ்ளோ வருசம் பாப்பா இது?”

“ஆறு, ஏழு, எட்டு, மூணு துண்டும் சேந்து நானூறு வருஷம்.”

“நானூறு வருசமாவா காடு போச்சு? அப்ப இருந்தவங்களுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சிருக்காது. ஒருத்தர் ஆயுசுக்குள்ள கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஒண்ணுமே நடக்கல. ஒவ்வொருத்தரும் நாம பொறந்தப்ப இருந்த மாதிரிதான இருக்குதுன்னு நெனச்சுகிட்டே போயிருப்பாங்க.”

பஞ்சத்தைக் கேட்டபோது வராத பயம் சின்னதம்பிக்கு அப்போது வந்தது. சுனாமி கால் மணி நேரத்தில் அண்ணனைக் கொண்டு போயிற்று. அதை ஊர் இன்றுவரை பேசுகிறது, வருஷா வருஷம் கடலில் பால் ஊற்றுகிறது. கழித் தண்ணீர் தன் காலத்திலேயே எவ்வளவு கரித்துப் போயிருக்கிறது என்று அவர் யாரிடமும் பேசியதில்லை. எந்த வருஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பஸ்ஸில் திரும்பும்போது யாரிடமும் எதையும் சொல்லாமல் வந்தார்.

பன்னிரண்டு நாளில் போக வேண்டிய ஆய்வேடு ஏழு மாதம் தள்ளிப் போயிற்று. அனுப்பிய கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பண்ருட்டியில் அவள் அப்பா ராஜாமணி மகளோடு ஒரு வாரம் பேசவில்லையாம். குப்பத்தில் சிவசங்கர், “புத்தகம் வந்துடுச்சா மாமா?” என்று கேட்கும்போதெல்லாம் சின்னதம்பி, “வரும்போது வரும்,” என்பார். இனி பெயர் வராது என்று மனசுக்குள் அந்தக் கணக்கை அவர் முடித்துவிட்டார். அவளிடமிருந்து போனும் இல்லை.

மாசி மாதம் ஒரு காலையில் அவளே வந்தாள். புதிதாக இன்னோர் இடத்தில் சேறு எடுக்க வேண்டுமாம், வேலை கிடைத்திருக்கிறது. பையிலிருந்து கெட்டி அட்டை போட்ட புத்தகத்தை எடுத்தாள். நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. இருந்த இடத்திலேயே இருந்தது.  அவள் உள்ளே இன்னொரு பக்கத்தைத் திருப்பி, தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள்.

“இந்தப் படகில் சேறு பட்ட முனையை அணியத்தைப் பார்க்க வைப்பதில்லை. ஏழாம் துண்டு அந்த வழக்கப்படி வைக்கப்பட்டது. இதை நான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. படகோட்டி சின்னதம்பி தானாக வந்து சொன்னதால் திசை திருத்தப்பட்டது.”

“இன்னொரு வாட்டி படி,” என்றார். படித்தாள். நன்றிப் பக்கத்தை அவர் மறுபடி கேட்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் இன்னும் ஏறவில்லை.

படகில் கம்பிகளையும் குழாயையும் ஏற்றினார்கள். அவள் நோட்டுப் புத்தகத்தோடு எஞ்சின் பெட்டிப் பக்கம் போகவில்லை. முன்பக்கம் போனாள். அணியத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று, மஞ்சளைப் பார்த்துவிட்டு, அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“மேல்முனை என் பக்கம் இருக்கணும். அடிமுனை பின்பக்கம் போயிடும். நான் இங்க உக்காரலாமா அண்ணா?”

சின்னதம்பி ஒரு சாக்கை மடித்து அவள் உட்காரும் இடத்தில் போட்டார்.

“உக்காரு பாப்பா. செருப்ப மட்டும் இந்தாண்ட விட்டுடு.”